பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் பத்து நிமிட ஸ்காட்லாந்து

1

போன மாதம் ஒரு கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கிற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் சுற்றுலா வழிகாட்டியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கூட்டம் எங்கே என்று அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே என் மகள் யாழினி மட்டும்தான் இருந்தாள். ஒன்பது வயது. என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். என் கூட்டம் அந்த நேரத்தில் வல்லம் வடகாலில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு பெண்கள். டிரைவர் கஜேந்திரன் அண்ணனையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று பேர்.

நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. விசாவை நீட்டித்திருப்பதாக நேற்றுத்தான் தகவல் வந்தது. 'அன்புள்ள மிஸஸ் ஏழுமலை' என்று ஆரம்பித்திருந்தார்கள். ஏழுமலை என் அப்பாவின் பெயர். என் பெயர் சுமதி. குடும்பப் பெயர் என்று ஒன்றை எழுதாமல் இந்த ஊர்ப் படிவம் எதுவும் நகராது. நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்து, கடைசியில் அப்பாவைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் உட்காரவைத்தேன். அதிலிருந்து பிள்ளைப்பாக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் மனிதரை இங்கே பல் டாக்டர் கூப்பிடுகிறார், லைப்ரரியில் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா வந்துவிட்டாரோ என்று ஒரு விநாடி திரும்பிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது தென்மேற்கு ஸ்காட்லாந்து. வரைபடத்தில் இங்கிலாந்துக்கு மேலே, இடது பக்கம், கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு. காலோவே என்பார்கள். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். கறுப்பு மாடுதான், இடுப்பில் மட்டும் வெள்ளைத் துண்டு கட்டினாற்போல ஒரு பட்டை. நியூட்டன் ஸ்டூவர்ட் என்ற சிறிய ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் முரளி மர அறுவை ஆலையில். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. அதனால் சனிக்கிழமைகளில் காரும் நானும் யாழினியும்.

2

இங்கே வருவதற்கு முன் ஏழு வருஷம் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி லைனில் நின்றேன். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற வேலை. ஒயர்களைப் பரப்பிக் கட்டுகிற போர்டில் என் பக்கத்தில் நின்றவள் தேவி, மண்ணூர்க்காரி. இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒன்றாக நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்தவர்கள். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிகள் கூப்பிடவில்லை, கம்பெனி கூப்பிட்டது. வெளிநாட்டில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சேர்ந்தே விண்ணப்பித்தோம். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இங்கிலீஷ் பயிற்சி. அவள் நர்ஸ், நான் எண்பது வயது வெள்ளைக்காரத் தாத்தா. மாத்திரை வேண்டாம் என்று நான் அடம்பிடிக்க வேண்டும். அவள் இங்கிலீஷில் கெஞ்ச வேண்டும். கெஞ்சிப் பார்த்து முடியாமல் தமிழில் திட்டிவிடுவாள். முன் சீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

எனக்கு முதலில் விசா வந்துவிட்டது. கிளம்புகிற வரைக்கும் வாயைத் திறக்காதே, கண் படும் என்று அம்மா சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன். டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் தேவியின் பக்கத்தில் நின்று ஒயர் கட்டினேன். கடைசி நாள், காய்ச்சல் வருவதுபோல இருக்கிறது, இரண்டு நாள் லீவு என்று சொல்லிவிட்டு வந்தேன். விமான நிலையத்துக்கு வேன் வேண்டும் என்று அப்பா கஜேந்திரன் அண்ணனைக் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை பஸ்ஸில், சுமதி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று அவர் தேவியைக் கேட்டுவிட்டார்.

அன்றே தேவி தன் போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாள். கொஞ்ச காலம் கழித்து அந்த விசாவுக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே இந்த நாட்டு அரசாங்கம் நிறுத்திவிட்டது. அவளுடைய முறை வரவே இல்லை. அதற்கு நான் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் வந்தது நான்தான்.

3

சுற்றுலா ஆரம்பித்தது தற்செயலாக. போன வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை யாழினியைப் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன விக்டவுனுக்குக் கூட்டிப் போனேன். வழியில் வாந்தி வருகிறது என்றாள். வண்டியை ஓரங்கட்டிய இடத்தில் வயலுக்கு நடுவே பத்தொன்பது கற்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தன. டோர்ஹவுஸ் கல்வட்டம். நாலாயிரம் வருஷத்துப் பழசு என்று பலகை சொன்னது. இதே ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. இங்கே வந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்தது முதியோர் இல்லம், சூப்பர் மார்க்கெட், மழை, அவ்வளவுதான்.

அப்போது மலரிடமிருந்து வீடியோ அழைப்பு. மலர் எனக்குப் பிறகு லைனில் சேர்ந்து, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். அவ்வப்போது பேசுவாள். இந்த முறை பஸ் குலுங்கியதில் விரல் தவறிப் பட்டிருக்கிறது. எடுத்தால் திரையில் ஒரு காது தெரிந்தது. பிறகு மலர். பிறகு மலரின் தோளுக்கு மேல் ஏழெட்டு முகங்கள்.

"அக்கா, எங்க கீற? பின்னாடி இன்னா கல்லு?"

காட்டினேன். பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. வட்டத்தைச் சுற்றி ஓடிக் காட்டு என்றார்கள், ஓடினேன். கல்லைத் தொட்டுக் காட்டு என்றார்கள், தொட்டேன். ஒரு செம்மறியாடு என்னைத் துரத்தியது, அதற்குக் கைதட்டினார்கள். வாந்தியை மறந்து யாழினி சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள்.

4

அப்படியே பழகிவிட்டது. விட்டார்ன் போனேன். இந்த நாட்டுக்குக் கிறித்தவம் முதலில் வந்து இறங்கிய ஊர் என்பார்கள். ஒரே ஒரு அகலத் தெரு, வண்ணம் அடித்த வீடுகள், பின்னால் இடிந்த தேவாலயம். கார்லாவெராக் போனேன். முக்கோணக் கோட்டை, சுற்றிலும் அகழி. மூணு மூலை கோட்டையில் வாஸ்து எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று பஸ்ஸில் பெரிய விவாதம் நடந்தது. துறைமுகத்தோடு இருக்கும் ஓவியர்கள் ஊர் ஒன்றுக்குப் போய், பெயர்ப்பலகையைப் பார்த்து 'கிர்க்கட்பிரைட்' என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். யாழினி தலையில் கைவைத்துக்கொண்டு, "அம்மா, அது கெர்கூப்ரி" என்றாள். பாதி எழுத்தைச் சும்மா எழுதிவைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் யாரோ, நாம் மட்டும் ஸ்ரீபெரும்புதூரை முழுசாகவா சொல்கிறோம் என்று கேட்டார்கள். நியாயம்தான்.

பலகைகளைப் படித்துச் சொல்வது யாழினியின் வேலை. அவள் தமிழ் இங்கே வந்த பிறகு வெயில் காணாத செடியாகிவிட்டது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் இந்த ஊர் இங்கிலீஷில் பதில் வரும். அந்த இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் தன் 'மெசேஜஸ்' எடுத்துவரச் சொன்னார். அவருடைய போனைக் கொண்டுவந்து, வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மகளுக்கும் அவருக்கும் நடந்த சண்டை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குக் கடையில் வாங்கும் சாமான் என்று அர்த்தமாம். அவர் கேட்டது பாலும் ரொட்டியும்.

பொது இடத்தில் நான் சத்தமாகத் தமிழ் பேசினால் யாழினிக்கு வெட்கம். ஆனால் நாற்பத்திரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்போது எவ்வளவு நேரம் பத்தடி தள்ளி நிற்க முடியும்? ஒரு கோட்டைச் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று மலர் கேட்டாள். யாழினி பலகையைப் படித்தாள். தமிழில் வார்த்தை தேடினாள். கடைசியில், "ராஜா இங்க குந்திக்கினு கக்கா போவாரு" என்றாள். பஸ் சிரித்து ஓயப் பிள்ளைப்பாக்கம் ஆகிவிட்டது. அந்தக் 'குந்திக்கினு'வை நான் சொல்லித் தரவில்லை. பஸ்ஸைக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. என்னிடம் தமிழ் பேச மறுக்கிற பெண், மலரிடம், "இன்னாக்கா, இன்னிக்கி லேட்டு?" என்று கேட்கிறாள்.

தேவியும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். கடைசி சீட், ஜன்னலோரம், காதில் ஹெட்செட். போன் கைமாறிக் கைமாறிப் பின்வரிசை வரை போகும்போது அவள் வெளியே பார்த்துக்கொள்வாள் என்று மலர் சொல்வாள். நான் கேட்கமாட்டேன். அவளாகவே சொல்வாள்.

5

பிறகு கம்பெனியில் போக்குவரத்தைப் பார்க்கிறவர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். ஓடும் பஸ்ஸில் வீடியோ சத்தம் கூடாது, டிரைவர் கவனம் சிதறும். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. கார்லாவெராக் அன்றைக்குக் கஜேந்திரன் அண்ணனே கண்ணாடி வழியாக அகழியைப் பார்த்துக்கொண்டு ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருந்தார்.

வழி கண்டுபிடித்ததும் அவர்தான். பிள்ளைப்பாக்கத்தில் தினமும் டீக்கு நிறுத்துவார், ஐந்து நிமிடம். சனிக்கிழமை மட்டும் பத்தாக்கிவிடுகிறேன், இறங்கி நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நம் ஊரில் மூன்று மணி தாண்டும்போது இங்கே காலை பத்தரை மணி, கோட்டைக் கதவுகள் திறந்திருக்கும் நேரம்.

பத்து நிமிடத்தில் ஒரு கோட்டை. லைனில் ஏழு வருஷம் நின்றவளுக்கு இதைவிடப் பிடித்த வேலை எது? அரைமணி முன்பே போய்விடுவேன். வாசலிலிருந்து கிணற்றுக்கு எத்தனை விநாடி, கிணற்றிலிருந்து மாடிப்படிக்கு எத்தனை விநாடி என்று ஓடிப் பார்ப்பேன். எந்த மூலையில் சிக்னல் வரும் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைவேன். யாழினி நேரம் பார்ப்பாள். இங்கே மூச்சிரைத்துக்கொண்டு நான் கோபுரம் ஏறும்போது அங்கே டீ கிளாஸோடு ஒரு கூட்டம், மேலே என்ன தெரிகிறது என்று அதட்டும். வாரம் முழுக்க என் கால் வலித்தது. வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

தேவி மட்டும் இறங்குவதில்லையாம். நாற்பத்தோரு பேர் கீழே நிற்க, காலி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருப்பாளாம்.

6

த்ரீவ் கோட்டைக்கு நீங்கள் யாராவது வந்தால் கட்டாயம் போக வேண்டும். காசில் டக்ளஸ் ஊருக்குப் பக்கத்தில். வயலோரமாக இருபது நிமிடம் நடந்தால் ஆற்றங்கரை. எதிரே தீவில் ஒற்றைக் கோபுரமாகக் கோட்டை. கரையில் ஒரு பித்தளை மணி தொங்கும். அதை அடித்தால் தீவிலிருந்து படகு வரும். வேறு ஏற்பாடு கிடையாது. நாம்தான் மணியடித்துக் கூப்பிட வேண்டும்.

சரியாக நேரத்துக்கு அழைப்பு வந்தது. மணியைக் காட்டினேன், அடித்தேன். அங்கே எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். தீவிலிருந்து படகு கிளம்பியது. அந்த நேரத்தில் திரை கறுத்துவிட்டது. மலரின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அங்கே நடந்ததைப் பிறகு மலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எல்லாரிடமும் போன் இருக்கிறது, என் எண் யாரிடமும் இல்லை. மலருக்கு அது மனப்பாடமும் இல்லை. திடீரென்று அவளுக்கு உறைத்திருக்கிறது, எண் இருக்கிற ஆள் பஸ்ஸுக்குள் இருக்கிறாள் என்று. ஏறிப்போய் முன்னால் நின்றிருக்கிறாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லையாம். தேவி ஹெட்செட்டைக் கழற்றினாள். அதன் ஒயர் எந்த போனிலும் சொருகியிருக்கவில்லை.

என் போன் அடித்தது. 'தேவி' என்று வந்தது. தடுத்துவைத்திருந்ததை எடுத்துவிட்டிருக்கிறாள். முதலில் டீக்கடைக் கூரை தெரிந்தது, அப்புறம் வானம், அப்புறம் அவள். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மூக்குத்தி புதிது.

"இன்னா காட்டிக்கினு இருந்த?" என்றாள்.

"மணி. அடிச்சா படகு வரும்."

"இன்னொரு வாட்டி அடி. நான் பாக்கல."

அடித்தேன். படகுக்காரர் பாதி ஆற்றில் இருந்தார். வந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று அங்கிருந்தே கையை விரித்தார். தேவி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை மடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் செய்வாள்.

படகில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். சுற்றி நாற்பது பேர் நிற்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"ஏன்டி, நீ போறன்னு எனக்கு டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியணுமா?"

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. கண்ணு படும்னு."

"யார் கண்ணு? எங் கண்ணா?"

மூன்று வருஷமாக எத்தனையோ பதில் தயார் செய்துவைத்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது, பெரியவர்களுக்குத் தலை சீவிவிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"தப்புதான் தேவி. பத்தொம்போது நாளு உன் பக்கத்துலயே நின்னுக்கினு வாய மூடிக்கினு இருந்தேன். அம்மா மேல போடல. என் தப்புதான்."

அழுகை வந்துவிட்டது. படகுக்காரர் யாழினியைப் பார்த்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அம்மா தன் தோழியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாழினி விளக்கினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, நேராகக் கோட்டைத் துறைக்குப் போகாமல் தீவை ஒட்டிக் கொஞ்ச தூரம் படகை மேலே விட்டுத் திருப்பிக்கொண்டு வந்தார். அது வழக்கமான சவாரியில் கிடையாது.

"அழுவாத, சிக்னல் போயிடப் போவுது," என்றாள் தேவி. "கோட்டைய காட்டு."

பத்து நிமிடம் முடிந்து ஹாரன் அடித்தது. வழக்கமாக அங்கேயே வைத்துவிடுவார்கள். தேவி வைக்கவில்லை. போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். சத்தம்தானே கூடாது என்று நாற்பத்திரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கஜேந்திரன் அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லையாம். எனக்கு அந்த நோட்டீஸ் பொருந்தாது, இருந்தாலும் நானும் கிசுகிசுத்துக்கொண்டே கோபுரம் ஏறினேன். பின்னால் யாழினியும் கிசுகிசுத்தாள். கோட்டை வாசலுக்கு மேலே சுவரிலிருந்து ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும். பிடிக்காதவர்களை அந்தக் காலத்துப் பிரபு அதில் தொங்கவிடுவாராம். அதைக் காட்டினேன். பிறகு மலரின் குரல் மெதுவாக வந்தது. "நம்ம எச்.ஆர். ரூம்லயும் ஒண்ணு கீது போல." சத்தம் போடாமல் நாற்பத்திரண்டு பேர் சிரித்தால் பஸ் எப்படிக் குலுங்கும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மண்ணூரில் இறங்குகிற வரைக்கும் தேவி வைக்கவில்லை.

7

அதற்கப்புறம் நிகழ்ச்சி நிரல் அவள் கைக்குப் போய்விட்டது. எந்த வாரம் எந்த ஊர், எந்தப் பக்கம் வெளிச்சம், நான் என்ன உடுத்த வேண்டும் எல்லாம் அவள் உத்தரவு. லைன் லீடராகிவிட்டாள், அந்தத் தோரணை. மழைக் கோட்டு போட்டால் மூட்டை மாதிரி இருக்கிறேன், சுடிதார் போடு என்கிறாள். ஜூலையிலும் இங்கே பல் கிட்டிக்கும் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

போன சனிக்கிழமை நியூ ஆபி என்ற கிராமம். ஒரு தெரு, ஒரு குளம், ஒரு பழைய தண்ணீர் ஆலை, தெருக்கோடியில் செங்கல் நிறக் கல்லில் கூரையில்லாத தேவாலயம். உள்ளே தரை முழுக்கப் பச்சைப் புல். எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சீமாட்டி இறந்துபோன கணவனின் இதயத்தை யானைத்தந்தப் பெட்டியில் வைத்துப் போகிற இடமெல்லாம் எடுத்துக்கொண்டு போனாளாம். அவன் நினைவாக இதைக் கட்டி, கடைசியில் அந்தப் பெட்டியோடேயே இங்கே அடக்கமானாளாம். யாழினிதான் சொன்னாள், முழுவதும் தமிழில், இரண்டு இடத்தில் மட்டும் தடுக்கி. டீக்கடையில் மலர் மூக்கை உறிஞ்சினாள்.

ஹாரன் அடிப்பதற்குள் தேவி போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனாள். கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வியட்நாம்ல புது பிளான்ட் போடறாங்க. அங்க புள்ளைங்களுக்கு லைன் கத்துத் தரணும், ஆறு மாசம். இங்கேர்ந்து நாலு பேரு. நானும் ஒருத்தி."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"வாய மூடு. வூட்ல இன்னும் சொல்லல. எங்கம்மாவுக்கே தெரியாது. மொதல்ல உங்கிட்டதான் சொல்றேன்." ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "திங்கக்கெழம லிஸ்ட் ஒட்டுவாங்க. அதுவரைக்கும் எவகிட்டயும் மூச்சு விடாத."

விடமாட்டேன் என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

இதை நீங்கள் படிக்கும்போது லிஸ்ட் ஒட்டியிருப்பார்கள், அவளே எல்லாரிடமும் சொல்லி முடித்திருப்பாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கை கால் நிற்கவில்லை. கைப்பையைப் புல்லில் போட்டுவிட்டு, சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தேவாலயத்தின் நீளத்துக்கு ஓட ஆரம்பித்தேன். ஒரு முனை தொட்டுத் திரும்பி மறுமுனைக்கு. சுற்றிப் பார்க்க வந்திருந்த நாலைந்து பேர் தூணோரம் ஒதுங்கினார்கள்.

யாழினி வெட்கப்பட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் பக்கத்தில் வந்து ஓடினாள்.

"இன்னாம்மா, எதுக்கு ஓடறோம்?"

சொல்ல முடியாது என்றேன். சரி என்று அவளும் ஓடினாள்.